செஞ்சிக் கோட்டைக்கு அரை நாள் போதுமா?

வாசகர் கேள்வி, 2025 ஜனவரி 3

பிப்ரவரியில் குடும்பத்துடன் திருவண்ணாமலை செல்கிறோம். வழியில் செஞ்சிக் கோட்டையை அரை நாளில் பார்த்துவிடலாம் என்று நினைக்கிறேன். அறுபத்தெட்டு வயதுத் தந்தையாரும் பத்து வயது மகளும் உடன் வருகிறார்கள். தந்தையாரால் மலையேற இயலாது. ஏறாதவருக்கு அங்கே பார்க்க ஒன்றும் இல்லை என்று நண்பர் சொல்கிறார். அது உண்மையா?

2025 ஜனவரி 4, காலை

அரை நாள் போதாது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்ற மூன்று மலைகளுக்கும் தனித்தனி அரண்கள் உண்டு; அந்த மூன்றையும் இணைத்து ஏறத்தாழ 13 கிலோமீட்டர் நீளத்துக்கு மதில் ஓடுகிறது. திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலை ராஜகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையில்தான் போகிறது என்பதால், பேருந்தில் எத்தனையோ முறை கோட்டைக்குள் நுழைந்து வெளியேறியும் அதை அறியாதவர்கள் நம்மில் பலர்.

என் யோசனை இது. முதல் நாள் இரவே செஞ்சி அல்லது திண்டிவனம் வந்து தங்குங்கள். காலை ஒன்பது மணிக்கு வாயில் திறந்தவுடன் உள்ளே சென்று, நேராக ராஜகிரி ஏறிவிடுங்கள். மலையின் உயரம் சுமார் 800 அடி. படிகள் கருங்கல்லில் வெட்டியவை, ஒன்று போல் மற்றொன்று இருக்காது. சில முழங்கால் உயரம் வரை வரும். ஏறி இறங்க இரண்டு மணி நேரம் ஆகும். தந்தையாரைக் கீழே நிழலில் அமர வைத்துவிட்டு நீங்களும் மகளும் ஏறுங்கள். இறங்கியபின் கல்யாண மகாலைப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம். கிருஷ்ணகிரியை இன்னொரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

2025 ஜனவரி 4, இரவு

காலையில் விட்டுப்போனவை.

தண்ணீர்: ஆளுக்கு இரண்டு லிட்டருக்குக் குறையாமல் கீழிருந்தே எடுத்துச் செல்லுங்கள். மேலே சுனை இருக்கிறது என்று நம்பிப் போகக்கூடாது. அது குடிக்கும் நிலையில் இருக்காது.

குரங்குகள்: ராஜகிரிப் படிகளில் கூட்டம் கூட்டமாக இருக்கும். கையில் தொங்கும் பாலித்தீன் பை எதுவானாலும் அதில் தின்பண்டம் இருப்பதாகவே அவை எடுத்துக்கொள்ளும். சென்ற முறை என் மகன் கையிலிருந்த பையைப் பறிக்க ஒரு கடுவன் பாய்ந்தபோது அவன் பையை விடாமல் இழுத்தான். படி விளிம்பில் கால் பிசகி உருளப் பார்த்தான். பிள்ளைகளிடம் முன்னதாகவே சொல்லி வையுங்கள்: குரங்கு பிடித்தால் பையை விட்டுவிட வேண்டும். எல்லாவற்றையும் முதுகுப்பைக்குள் வைத்து மூடிவிடுவதே நல்லது.

நுழைவுச்சீட்டு 25 ரூபாய், பதினைந்து வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள், கிருஷ்ணகிரி வாயிலிலும் கேட்பார்கள்.

2025 ஜனவரி 11

நாள் குறிக்கும்போது பஞ்சாங்கத்தையும் பாருங்கள். பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கிரிவலக் கூட்டம் முழுவதும் இந்தச் சாலை வழியாகத்தான் போகும். கிளாம்பாக்கத்திலிருந்து புறப்படும் பேருந்துகளில் செஞ்சிக்கு மட்டும் இடம் கேட்டு ஏறுவது கடினம். பிப்ரவரி மாதப் பௌர்ணமி 12ஆம் தேதி. அதை ஒட்டிய மூன்று நான்கு நாட்களைத் தவிருங்கள்.

2025 ஜனவரி 27

முதல் குறிப்பில் நான் எழுதிய ஒரு வாக்கியத்தைத் திரும்பப் பெறுகிறேன். "தந்தையாரைக் கீழே நிழலில் அமர வைத்துவிட்டு" என்று எழுதியிருந்தேன். அது தவறு, தவறு என்பதைவிட, கோட்டையைப் பற்றி எனக்கிருந்த அறியாமை.

சனிக்கிழமை என் அம்மாவை அழைத்துக்கொண்டு செஞ்சி சென்றேன். அவருக்கு எழுபத்தொன்று. முட்டிவலி உண்டு. மலைப்பக்கமே போகக்கூடாது என்று பேசி வைத்துக்கொண்டு, ராஜகிரியின் அடிவாரத்துக் கீழ்க்கோட்டையில் மட்டும் காலை ஒன்பதரை முதல் மாலை நான்கு வரை இருந்தோம். இடையில் ஒரு மணி நேரம் வேப்பமர நிழலில் புளிச்சாதம் சாப்பிட்டு இளைப்பாறினோம். அப்படியிருந்தும் பார்த்து முடியவில்லை.

நெற்களஞ்சியத்தில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். நான் அதை நான்கு முறை கடந்து போயிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் உள்ளே தலையை நீட்டி, இருட்டாக இருக்கிறது என்று வெளியே வந்தவன். அம்மா உள்ளே போனவுடன் சுவரில் உள்ளங்கையை வைத்தபடியே நின்றுவிட்டார். வெளியே வெயில் ஏறிக்கொண்டிருந்தது, சுவரோ மண்பானை போலக் குளிர்ந்திருந்தது. "பாத்தியா, சூடு உள்ள எறங்கவே இல்ல. நெல்லு சூடு ஏறுனாத்தான் வண்டு வைக்கும்" என்றார். அவர் பிறந்த வீட்டில் ஆள் உயரக் குதிர் இருந்தது. ஆண்டுதோறும் நெல் கொட்டி மூடியவர். மேலே வளைந்து நிற்கும் கூரையையும் சுவரின் பருமனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இத்தனை நெல்லு வெச்சுக்கிட்டு உக்காந்தவங்களுக்குத் தண்ணி எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டார். நான்கு முறை போனபோதும் எனக்குத் தோன்றாத கேள்வி அது.

அன்று பிற்பகல் முழுவதும் தண்ணீரைத் தேடியே நடந்தோம். கல்யாண மகால் அருகே ஆனைக்குளம். அங்கிருந்து விலகி, சக்கரக்குளமும் செட்டிக்குளமும். நடுவில் சதுர முற்றமும் சுற்றிலும் அறைகளுமாக, பல நிலைகளில் உயர்ந்து கூம்புக் கூரையில் முடியும் கல்யாண மகாலுக்கே சுடுமண் குழாய்கள் வழியாக நீர் கொண்டுவந்திருக்கிறார்கள். குளங்களுக்குப் போகும் வழி ஏறக்குறைய சமதளம். அம்மா கைத்தடியோடு நடந்தார். நடுவில் இருமுறை உட்கார்ந்தார், அவ்வளவுதான்.

ஆகவே உங்கள் நண்பருக்கு என் பதில்: ஏறாதவருக்குக் கீழ்க்கோட்டை ஒரு முழுநாள் வேலை.

2025 ஜனவரி 28

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். பார்த்த எல்லா இடங்களும் சமதளம் என்று பொருள்படும்படி எழுதிவிட்டேன். வேங்கடரமணர் கோயில் கோபுர வாயிலுக்குள் உயரமான நிலைப்படிகள் உண்டு. சக்கர நாற்காலி போகாது. கைத்தாங்கலாக அழைத்துச் செல்லலாம். ஆனாலும் அந்த வாயிலை விட்டுவிடாதீர்கள். உள்ளே நுழைந்ததும் இருபக்கச் சுவரையும் அருகில் நின்று பாருங்கள். பாற்கடல் கடையும் காட்சியும் இராமாயணக் காட்சிகளும் சிறு சிறு சதுரங்களாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. மகளிடம் எது எந்தக் கதை என்று கேட்டால் அரைமணி நேரம் போவது தெரியாது. அந்தக் கோயிலின் உயரமான ஒற்றைக்கல் தூண்கள் சில பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரிக்குக் கொண்டுபோகப்பட்டதாகச் சொல்வார்கள். அங்கே கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் தூண்களைப் பார்த்திருப்பீர்கள்; செஞ்சிக்கு வந்தபின் அவற்றைப் பார்த்தால் மனம் வேறுமாதிரி இருக்கிறது.

பக்கத்திலேயே சாதத்துல்லா கான் மசூதி இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

2025 பிப்ரவரி 3

"தண்ணீரும் நெல்லும் இருந்தால் மட்டும் கோட்டை நின்றுவிடுமா?" என்று கேட்டிருந்தீர்கள். நல்ல கேள்வி. செஞ்சி எப்படியெல்லாம் வீழ்ந்தது என்பதிலேயே அதற்குப் பதில் இருக்கிறது.

விஜயநகரத்துக்குக் கீழ் நாயக்கர்கள் ஆண்ட கோட்டையை 1649 அளவில் பீஜப்பூர்ப் படைகள் கைப்பற்றின. 1677இல் சிவாஜி அதை எடுத்து மேலும் பலப்படுத்தினார். அவர் மகன் இராஜாராம் தக்காணத்தில் இருக்க வழியின்றி 1689இல் இங்கே வந்து சேர, மராட்டிய அரசின் தலைமை இடமே சில ஆண்டுகள் செஞ்சியில் இருந்தது. ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் 1690இல் முற்றுகையைத் தொடங்கினார். 1698இல்தான் கோட்டை அவர் கைக்கு வந்தது. இராஜாராம் அதற்குள் தப்பிவிட்டார். முற்றுகை அத்தனை ஆண்டு இழுத்ததற்குக் காரணம், மூன்று மலைகளையும் சேர்த்து முழுவதுமாக வளைக்க எந்தப் படையாலும் எளிதில் இயலாது என்பதே. எங்காவது ஒரு பக்கம் திறந்திருக்கும். அந்தப் பக்கம் தானியமும் செய்தியும் உள்ளே போய்வரும்.

அதே சுற்றளவுதான் இன்னொரு பக்கம் பலவீனமும் ஆகிறது. 13 கிலோமீட்டர் மதிலைக் காக்க எத்தனை ஆள் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். 1750 செப்டம்பரில் புஸ்ஸி தலைமையில் வந்த பிரெஞ்சுப் படை ஒரே இரவில் இதைப் பிடித்தது. எட்டாண்டு முற்றுகையைத் தாங்கிய மதில்கள்தாம், மாறியது உள்ளே இருந்தவர்களும் அவர்கள் எண்ணிக்கையும். பின்பு 1761 ஜனவரியில் புதுச்சேரி வீழ்ந்து, வெளியிலிருந்து உதவி வரும் வழியும் அடைபட்டபோது, ஏப்ரல் 5 அன்று பிரெஞ்சுக்காரர்கள் ஆங்கிலேயரிடம் கோட்டையை ஒப்படைத்தார்கள்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு கீழ்க்கோட்டையின் வாயில்களைப் பாருங்கள். கிழக்கே புதுச்சேரி வாயில், வடக்கே வேலூர் வாயில். நேராக உள்ளே ஓட முடியாது. திரும்ப வேண்டும், திரும்பும் இடத்தில் மேலிருந்து அடி விழும். என் மகனை வேலூர் வாயில் வழியாக ஓடிவரச் சொல்லி மேலே நின்று எண்ணினேன். எந்த நொடியிலும் அவன் என் பார்வைக்குத் தப்பவில்லை.

2025 பிப்ரவரி 4

ஒரு வரி. மதில்மேல் ஏறும் இடங்களில் கைப்பிடி இல்லை. நேற்றுச் சொன்ன சோதனையைச் செய்பவர்கள் மேலே நிற்பது பெரியவராக இருக்கட்டும்.

2025 பிப்ரவரி 17

கிருஷ்ணகிரி ஏறிவிட்டு வந்தேன். ராஜகிரியோடு ஒப்பிட்டால் உயரம் குறைவு. குரங்குத் தொல்லையும் நான் சென்ற அன்று அவ்வளவாக இல்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு இதுவே தகுந்த மலை என்று இப்போது நினைக்கிறேன். மேலே கவிகை மாடத்தோடு கூடிய ஒரு மண்டபம் இருக்கிறது; நாற்புறமும் வளைவுகள் திறந்திருப்பதால் எந்நேரமும் காற்று வீசும். அதற்குள் உட்கார்ந்தால் எதிரே ராஜகிரி முழுவதும் தெரியும். எண்ணெயும் நெய்யும் சேமித்த தொட்டிகளும் களஞ்சியங்களும் இங்கேயும் உண்டு. அதாவது கீழே எல்லாம் பறிபோனாலும் இந்த மலை மட்டும் தனித்து நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள்.

அம்மாவிடம் எண்ணெய்த் தொட்டியின் படத்தைக் காட்டினேன். "வெளக்குக்கா, சமையலுக்கா?" என்று கேட்டார். இரண்டுக்கும் இருக்கும் என்றேன். படையில் இரவுக் காவல் என்று ஒன்று இருக்குமே, விளக்கில்லாமல் எப்படி என்றார். கோட்டையைப் பற்றி நான் படித்த எதுவும் விளக்கெண்ணெய் செலவைப் பற்றிப் பேசவில்லை.

2025 மார்ச் 2

உங்கள் பயணம் தள்ளிப்போனது அறிந்தேன். மார்ச் கடைசிக்கு வைக்காதீர்கள். பாறை காலை பத்து மணிக்கே கொதிக்கத் தொடங்கிவிடும். பகல் முழுவதும் உறிஞ்சிய சூட்டை மாலையில் திருப்பிக் கொடுக்கும். ஏப்ரல், மே முற்றிலும் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்தால் படிகளில் பாசி வழுக்கும். மார்கழி, தை இரண்டும்தான் முதியவரோடு வருவதற்கு ஏற்ற மாதங்கள். பத்து மாதம் பொறுத்திருந்தாலும் நட்டமில்லை.

சித்திரையில் ராஜகிரிமேல் உள்ள கமலக்கன்னி அம்மனுக்குத் திருவிழா நடக்கும். சுற்றுக் கிராமங்கள் எல்லாம் திரண்டு வரும். திருவிழா பார்க்க விரும்பினால் அதற்காகவே வாருங்கள். கோட்டை பார்க்க அந்த நாள் உதவாது.

2025 ஜூலை 12

நேற்றைய செய்தியைப் படித்திருப்பீர்கள். மராட்டியரின் இராணுவ நிலக்காட்சிகள் என்ற தலைப்பில் பன்னிரண்டு கோட்டைகளை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களில் சேர்த்திருக்கிறது. பதினொன்று மகாராஷ்டிரத்தில்; பன்னிரண்டாவது செஞ்சி. படித்ததும் கண் கலங்கியது.

கூட்டம் கூடும் என்பதால் காலை முதல் ஆளாக உள்ளே போவது இனி இன்னும் அவசியம். இன்னொன்று: பிற்பகலில் ஒரு நேரத்துக்கு மேல் ராஜகிரி ஏற விடுவதில்லை. நான் ஒருமுறை தாமதமாகப் போய்த் திருப்பி அனுப்பப்பட்டேன். இருட்டுவதற்குள் எல்லோரும் இறங்கிவிட வேண்டும் என்பதால் அது நியாயமான விதிதான்.

2025 ஜூலை 20

"மராட்டியர் கோட்டை என்று சொன்னால் தமிழ்நாட்டுக் கோட்டை என்பது மறைந்துவிடாதா?" என்று வேறொருவர் கேட்டிருக்கிறார். ஒரு வாரமாக இதையே யோசித்தேன்.

இந்தக் கோட்டைக்கு எத்தனை பேர், எத்தனை பெயர் வைத்திருக்கிறார்கள்! பீஜப்பூர்க்காரர்கள் பாதுஷாபாத் என்றார்கள். முகலாயர் நுஸ்ரத்கட் என்றார்கள். மராட்டியர் சந்தி என்றார்கள். ஆனந்தக் கோன் இங்கே அரண் எழுப்பியதாக வழங்கும் வரலாறு, இவர்கள் எல்லோருக்கும் முந்தியது. அத்தனை பேரும் போனபின் ஊராரின் வாயில் நின்றது செஞ்சி என்ற பெயர். நின்ற மனிதர், சில மாதங்களே ஆண்ட ஓர் இளைஞர். தேஜ் சிங் என்ற புந்தேல ராஜபுத்திரரைத் தேசிங்கு ராஜா ஆக்கி, தெருக்கூத்திலும் கதைப்பாடலிலும் இன்றுவரை வைத்திருப்பது இந்த ஊர்ப்பக்கத்து மக்கள்தாம். ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கானை எதிர்த்து 1714 அக்டோபர் 3 அன்று அவர் இறந்தபோது அவருக்கு இருபத்திரண்டு வயது. அவர் பக்கம் நின்று உயிர்விட்ட நண்பர் மகபத் கான் ஒரு முஸ்லிம்.

ஒன்றைக் கவனியுங்கள். அவர் இறந்தது மதிலுக்கு வெளியே, வெட்டவெளியில். எட்டாண்டு முற்றுகையைத் தாங்கிய இந்தக் கோட்டையை விட்டுவிட்டு, தன்னைவிடப் பன்மடங்கு பெரிய படையை நோக்கிக் குதிரையில் போனார். ஏன் உள்ளேயே இருக்கவில்லை என்று சிறுவயதில் கூத்துப் பார்த்தபோது அழுதுகொண்டே அப்பாவிடம் கேட்டிருக்கிறேன். இப்போது தோன்றுவது: சில நூறு பேரை வைத்துக்கொண்டு அந்த மதிலைக் காத்திருக்க முடியாது. அவர் உடல் எரியூட்டப்பட்ட இடம் செட்டிக்குளத்தின் அருகில் காட்டப்படுகிறது. அவரை வென்ற நவாப் 1717-18இல் எழுப்பியதுதான் நான் முன்பு சொன்ன மசூதி. இரண்டையும் ஒரே நடையில் பார்க்கலாம். பாருங்கள்.

2025 நவம்பர் 24

ராஜகிரி உச்சிக்கு மீண்டும் ஏறினேன். கீழ்க்கோட்டையைப் பற்றி இத்தனை எழுதியபின், உச்சி தேவையில்லை என்று எவரும் முடிவுகட்டிவிடக்கூடாது என்று பட்டது.

உச்சிக்குச் சற்றுக் கீழே மலையே பிளந்திருக்கும். 24 அடி அகலம், 60 அடி ஆழம். அந்தக் காலத்தில் மரப்பாலத்தை இழுத்துவிட்டால் அப்பால் இருப்பவர்களை எவரும் தொட முடியாது. இப்போது அதைக் கடக்க நிலையான பாலம் இருக்கிறது. அதன் நடுவில் நின்று கீழே பார்த்தேன். பாறைக்கும் பாறைக்கும் இடையில் ஓர் ஆலஞ்செடி வேரூன்றி, வெளிச்சத்துக்காகப் பக்கவாட்டில் வளைந்து வளர்ந்திருந்தது. பாலத்துக்கு அப்பால் கோயிலும் களஞ்சியமும் காவல் மேடையும். அங்கே நின்றால்தான் மூன்று மலைகளையும் கோத்து ஓடும் மதில் ஒரே கோடாகக் கண்ணுக்குப் படுகிறது. கீழே துண்டு துண்டாகப் பார்த்ததெல்லாம் அங்கே ஒன்று சேர்ந்தது.

ஏறி இறங்க இரண்டு மணி நேரம் என்று ஜனவரியில் எழுதியிருந்தேன். மூன்றரை ஆயிற்று. மூன்றரை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே திட்டத்தை மாற்றி எழுதுகிறேன். இரண்டு காலைப்பொழுதுகள் வேண்டும். முதல் நாள் எல்லோரும் சேர்ந்து கீழ்க்கோட்டை: வேங்கடரமணர் கோயில், மசூதி, குளங்கள், பிறகு வெயில் ஏறியபின் களஞ்சியத்தின் குளிர்ச்சி, கல்யாண மகால். இரண்டாம் நாள் காலையில் ஏறக்கூடியவர்கள் ராஜகிரி அல்லது கிருஷ்ணகிரி. ஏறாதவர் முதல் நாள் பிடித்துப்போன இடத்துக்கு மறுபடி போகலாம்.

2025 டிசம்பர் 29

நீங்கள் சென்றுவந்து எழுதியதைப் படித்தேன். தந்தையார் லாயத்தின் முன்னால் நின்று, ஒரு குதிரைக்கு நாளொன்றுக்கு எவ்வளவு கொள்ளு, எவ்வளவு புல் என்று கணக்குப் போட ஆரம்பித்து, நீங்களும் மகளும் கிருஷ்ணகிரி ஏறி இறங்கும் வரை அந்த இடத்தை விட்டு நகரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கணக்கை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கொள்ளை ஊறவைக்கத் தண்ணீர் வேண்டும், அதைச் சேர்த்தாரா என்று கேட்கச் சொன்னார்.